இடுப்பைக் கொடுத்து வாங்கிய குளிர்

நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டு கால்களையும் மண் தொட்டித் தண்ணீருக்குள் வைத்தபடிதான் ரேணுகாம்பாள் அரிசி விற்பாள். வாங்க வருகிறவர்கள் தொட்டியைப் பார்க்காத மாதிரி இருந்துகொள்ள வேண்டும். யாராவது பார்த்துச் சிரித்துவிட்டால், "இன்னா சிரிக்கிற? உங்க வூட்டு எருமையைக் குட்டையில இறக்கறது இல்லையா?" என்று அவளே முந்திக்கொள்வாள். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி, ஒன்றைப் பல்லில் கடித்து, "இது புதுசும்மா, குழைஞ்சிடும், வேணாம்" என்று தன் சரக்கைத் தானே குறை சொல்லுவாள். அதனாலேயே அவளிடம் கூட்டம்.

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் முனையில் அவளுடைய மண்டி இருக்கிறது. வீடு அதற்குப் பின்னாலேயே. பிறந்தது தென்னேரியில், ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைவிக்கிற குடும்பம். கணவர் ராஜகோபால் வாலாஜாபாத் மில்லில் நெல்லை அரைத்து மூட்டை மூட்டையாக அனுப்புவார், இவள் விற்றுத் தீர்ப்பாள். இவள் ஆள் வாட்டசாட்டம். சிரித்தால் கல்லாப்பெட்டி குலுங்கும். "என் உடம்புல ஒரு அடுப்பு எரிஞ்சிக்கினே இருக்குதுபா. ஆண்டவன் மூட்டிவிட்டுட்டு அணைக்க மறந்துட்டான்" என்பாள்.

ராஜகோபால் நேர்மாறு. அக்கினி நட்சத்திரத்திலும் காதை மூடி மப்ளர் கட்டுகிற மனிதர். மின்விசிறி சுற்றினால் தும்முவார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் விசிறிக்கொண்டும் அவர் போர்த்திக்கொண்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்களாம். பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் கண்ணெதிரே இருந்த இதைப் பார்க்காமல் விட்டார்களே என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வரதராஜர் கோயிலில் அவளுக்கென்று ஒரு தூண் உண்டு. சாமியைச் சேவித்த கையோடு போய் அந்தக் கல்லில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டால் நடை சாத்துகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். "அத்திவரதரே குளத்துத் தண்ணிக்குள்ள படுத்துக்கினு இருக்காரு. என் கஷ்டம் அவருக்குத் தெரியாதா?" என்று கேட்பாள்.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ச் சென்னையில் ஒரு டாக்டரின் அறைக்குள் விட்டது ராஜகோபால் செய்த தவறு. கால் வீக்கத்துக்காகத்தான் போனார்கள். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வந்த குளிர்காற்று முகத்தில் பட, அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கால் வீக்கம் மறந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு மாதத்துக்கு ஒரு வியாதி வந்தது. தலை சுற்றும், நெஞ்சு கரிக்கும், முட்டி பிடிக்கும். "எங்கே வலிக்கிறது?" என்று டாக்டர் கேட்டால், "இன்னும் சரியாத் தெரியலை. கொஞ்ச நேரம் ஒக்காந்து பாத்துச் சொல்றேன்" என்பாள்.

டாக்டர் நல்ல மனிதர். ஒரு நாள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லை. நீங்கள் பார்க்க வருவது என்னை இல்லை, அதை" என்று ஜன்னலில் உறுமிக்கொண்டிருந்த ஏ.சி. பெட்டியைக் காட்டினார். தாம் புது மிஷின் வாங்கப் போவதாகவும், பழசுக்கு ஒரு குறையும் இல்லை என்றும் வாய் தவறிச் சொல்லியும் விட்டார். அன்றைக்கு அவள் மருந்துச் சீட்டுக்குப் பதிலாக விலை பேசிவிட்டு வந்தாள்.

அந்த விலைக்கு ஒட்டியாணம் போயிற்று. கல்யாணத்துக்கு அப்பா போட்டது. மூத்தவன் பிறந்த நாளிலிருந்து அதன் இரண்டு முனைகளும் அவள் இடுப்பில் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. நடுவில் ஒரு சாண் எட்டாமல் நிற்கும். "பரம்பரை நகை" என்று ராஜகோபால் மெதுவாக ஆரம்பித்தார். "பூட்டி வெச்சா அது பீரோவுக்குத்தானே ஒட்டியாணம்? எனக்கா?" என்றாள். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு மில்லுக்குப் புறப்பட்டுவிட்டார்.

எலக்ட்ரீஷியன் சாமுவேல் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதுதான், வாங்கியது பாதிச் செலவு, மாட்டுவது மீதிச் செலவு என்று தெரிந்தது. தெருக் கம்பத்திலிருந்து கனமான தனி வயர் இழுக்க வேண்டும். மீட்டரை மாற்ற வேண்டும். கரண்டு ஏறி இறங்காமல் பிடித்துவைக்க ஒரு பெட்டி தனியாக வேண்டும். சுவரை உடைக்க வேண்டும். "எல்லாத்துக்கும் மேல, நாலு பக்கமும் மூடின ரூம் ஒண்ணு வேணும்மா. உங்க வூட்ல எது அந்த ரூம்?" என்று கேட்டான். நடுவில் முற்றம் வைத்து வானத்தைப் பார்க்கக் கட்டிய வீடு அது. தேடிப் பார்த்ததில் நெல் போட்டு வைக்கிற அறை ஒன்றுதான் தேறியது.

நெல் வெளியேறியது. கூடத்தில் பாதி, கட்டிலுக்கு அடியில் கால், மீதி பூஜை அறையில் சாமி படங்களுக்குக் கீழே. ராஜகோபாலின் படுக்கை மூட்டைகளின் மேல் ஏறியது. கொத்தனார் பின்சுவரை உடைக்க ஆரம்பித்தார். பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர், முழத்துக்குமேல் கனம், கடப்பாரைக்கு அசைந்தே கொடுக்கவில்லை. கூலி ஏறியது. வயர் வாங்க ஜிமிக்கி போயிற்று, கரண்டுப் பெட்டிக்குத் தோள்வங்கி போயிற்று. என்ன செலவாயிற்று என்று தெருவில் யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "மிஷினுக்கு இடுப்பைக் குடுத்தேன், வயருக்குக் காதைக் குடுத்தேன், பொட்டிக்குத் தோளைக் குடுத்தேன். கழுத்து மட்டும் மிச்சம் இருக்குது, அது அவரு கட்டினது."

மிஷின் அரிசி லாரியில், காலிச் சாக்குகளின்மேல் சவாரி செய்துகொண்டு வந்து சேர்ந்தது. ஆரத்தி எடுத்தாள். பூசணிக்காய் உடைத்தாள். தெருவே கூடி நின்று பார்க்க, சாமுவேல் அதைச் சுவரில் ஏற்றி விசையைத் தட்டினான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிற மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள். எழுந்து வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பாய் காஞ்சிருக்குதுபா." படுத்து எழுந்த பாய் வியர்வையில் நனையாமல் இருந்ததை அவள் அதுவரை கண்டதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டினாள்.

இந்த மிஷின்களுக்கு முகம் ஒரு குணம், முதுகு ஒரு குணம் என்பதை டாக்டர் சொல்லவில்லை. முகத்தில் குளிர் வந்தால் முதுகில் அனல் வரும். அவள் வீட்டு மிஷினின் முதுகு பின்பக்கத்துச் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற சந்து. அதற்கு அந்தப் பக்கம் வீரபத்திரன் வீடு, நேர் எதிரே அவன் தறி ஜன்னல்.

வீரபத்திரன் பட்டு நெய்கிறவன். வீட்டுப் பின்கட்டில் சாயத் தொட்டியும் வைத்திருக்கிறான். தெருவில் பலருக்கும் அவன்தான் நூலுக்குச் சாயம் போட்டுத் தருவான். நல்லவன், ஆனால் மூக்குக்குமேல் கோபம். கோபம் வந்தால் தமிழ் பின்வாங்கிவிடும், வீட்டுத் தெலுங்கு முன்னால் வந்து நிற்கும். பட்டு நூலுக்கு லேசான ஈரக் காற்று வேண்டும். கோடையில் தறிக் குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அங்கே போய் இந்த அனல் வீசினால் என்ன ஆகும்? தறியில் நெடுக்கே பூட்டிய பாவில் இழைகள் பட் பட்டென்று அறுந்தன. ஒன்றை முடிச்சுப் போட்டால் இரண்டு அறுந்தது.

அவன் வந்து நின்றான். "அக்கா, குளிரு உங்க வூட்டுக்கு, அனலு எங்க வூட்டுக்கா? காத்தாலேருந்து நான் நெய்யலை, முடிச்சிதான் போட்டுக்கினு இருக்கேன்."

ரேணுகாம்பாளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஈரச் சாக்கை ஜன்னலில் தொங்கவிடலாம் என்றாள். வெளிச்சம் போய்விடும் என்றான். அவன் சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் ஓட்டுகிறேன் என்றாள். அவன் சாப்பாடு நாலு வாயில் முடிகிற சாப்பாடு. மனம் தாங்காமல், "இனிமே உங்க வூட்டுக்கு அரிசி நானே சும்மா குடுத்துடறேன்" என்று சொன்னாள். அவ்வளவுதான், தெலுங்கு வந்துவிட்டது.

விஷயம் தெருப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிற்று. பெரியவர்கள் கூடினார்கள். நெசவுத் தெருவில் நெசவுக்குத்தான் முதல் மரியாதை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ரேணுகாம்பாள் வாதாடவில்லை. இழை அறுவது என்னவென்று அவளுக்கும் தெரியும். தீபாவளி கழிந்த மறுநாள் மிஷினை இறக்கிச் சுவரை அடைத்துவிடுகிறேன் என்று கற்பூரத்தின்மேல் கையை வைத்துச் சொன்னாள். அந்தத் தெருவில் பிள்ளையார் முன்னால் சொன்ன சொல்லை யாரும் மீறியதில்லை. வீரபத்திரன் அன்றைக்கே செங்கல் வாங்கி வந்து, மிஷினுக்கு நேர் கீழே சந்தில் அடுக்கி வைத்துவிட்டான்.

தீபாவளி வரைக்கும் அவள் நடத்திய வாழ்க்கை இருக்கிறதே, அது தனி வேடிக்கை. வீரபத்திரன் தறியை விட்டு இறங்கினால் மிஷின் ஓடும், ஏறினால் நிற்கும். அதனால் அவன் எப்போது இறங்குவான் என்பதிலேயே அவள் காது இருந்தது. "தம்பி, டீ குடிச்சியா? இன்னொண்ணு குடியேன்" என்று சந்து வழியாகக் குரல் கொடுப்பாள். மசால்வடை சுட்டால் அவன் பெண்டாட்டி காந்தாவிடம் கொடுத்தனுப்பி, "சுடச்சுடத் தராதே, ஆறவெச்சிக் குடு, மெதுவாத் திங்கட்டும்" என்பாள். அவன் கோயிலுக்குப் போனால் இவளுக்குக் கொண்டாட்டம். ஒருமுறை அவன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று வேளையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டாள்.

ஆனாலும் தீபாவளி நெருங்க நெருங்கச் சிரிப்புக் குறைந்தது. ஆயுத பூஜையன்று மிஷினுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டபோது அவளுக்கு உள்ளபடியே அழுகை வந்துவிட்டது. நகை போனதற்கு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கோடையில் கண்ணை மூடித் தூங்கியதில்லை. இந்த ஒரு வருஷம்தான் தூங்கினாள். ராஜகோபால் பக்கத்தில் வந்து நின்று, "வேணும்னா மண்டியை வேற தெருவுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டார். அவரிடமிருந்து அவள் எதிர்பார்க்காத கேள்வி அது. "நாலு தலைமுறை அரிசி வாங்கின ஜனங்களை வுட்டுட்டா? போங்க, போயி மப்ளரைக் கட்டுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

தீபாவளிக்கு மறுநாள் கொத்தனார் வரவில்லை. மழை வந்தது. ஐப்பசி மழை வானத்தைப் பொத்துக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தது. நாள் கணக்கில் விடவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். இந்த மழையில் சுண்ணாம்பு பிடிக்காது, வெறித்ததும் வருகிறேன் என்று கொத்தனார் சொல்லியனுப்பினார்.

சந்துக்கு அந்தப் பக்கம் வீரபத்திரன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். பெண்ணுக்கும் சுற்றத்துக்கும் புடவை மொத்தமும் அரக்கு நிறத்தில் வேண்டுமென்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். தெருவில் பாதித் தறிகள் அந்த நூலுக்காகக் காத்திருந்தன. சாயம் போட்டாயிற்று. காய வேண்டுமே. பட்டு நூல் கற்றைகள் சிட்டம் சிட்டமாக வீடு முழுக்கத் தொங்கின. தறிக்கு மேலே, அடுப்புக்கு மேலே, குழந்தையின் தூளிக்கு மேலே. எதுவும் காயவில்லை. ஈரத்திலேயே கிடந்தால் நிறம் திட்டுத் திட்டாகிவிடும். கல்யாண வீட்டார் வந்து பார்த்தால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும், தெருவே பட்டினி.

அந்த நேரத்தில் ஒரு மத்தியானம், மழை சற்று ஓய்ந்து புழுக்கம் எடுத்தபோது, ரேணுகாம்பாள் மிஷினைப் போட்டாள். எதிரே தறி சும்மா கிடந்ததால் அறுவதற்கு இழை இல்லை. "போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தூக்கம்" என்று சொல்லிக்கொண்டு படுத்தாள். சந்தில் கூரை இறவாரத்துக்குக் கீழே காந்தாவின் ஈரப் புடவை கொடியில் கிடந்தது. இரண்டு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்த புடவை. கொஞ்ச நேரம் கழித்துக் காந்தா வந்து தொட்டுப் பார்த்தாள். இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று இருந்தது.

காந்தா புத்திசாலி. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு சிட்டம் நூலை மூங்கில் கழியில் கோத்து, மிஷினின் முதுகுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தால் கை மாற்றினாள். கடைசியில் அந்தச் சிட்டத்தைக் கொண்டுபோய்ப் புருஷன் மடியில் போட்டாள். வீரபத்திரன் அதை உதறினான், பிரித்தான், கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"எங்க காய வெச்ச?"

காந்தா முகவாயால் பின்பக்கத்தைக் காட்டினாள். அவன் எழுந்து போய்ச் சந்தில் நின்று மிஷினைப் பார்த்தான், கீழே தான் அடுக்கிய செங்கற்களைப் பார்த்தான், உள்ளே வந்துவிட்டான். மானம் அன்றைக்கு விடவில்லை. மறுநாள் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சளோடு ரேணுகாம்பாள் வீட்டு வாசலில் நின்றான்.

"இன்னாபா, யாருக்குக் கல்யாணம்?"

"மிஷினை அழைச்சிக்கினு போலாம்னு வந்தேன் அக்கா."

அவன் நூல் காய்ந்த கதையைச் சொல்லி முடித்தான். ரேணுகாம்பாளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புப் பொங்கி வந்தது. ஆனால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். "மிஷின் உள்ளதான் இருக்குது. அழைக்க வந்தவன் அதையே கேளு" என்றாள்.

வீரபத்திரன் தட்டோடு உள்ளே போய் மிஷினுக்கு முன்னால் நின்றான். அவளும் பின்னால் போய் நின்றாள்.

"கேட்டியா? இன்னா சொல்லுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, ரேணுகா அக்காவைக் கேளுன்னு சொல்லுதுக்கா."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் கூடத்தில் இருந்த ராஜகோபால் மூட்டைமேல் எழுந்து உட்கார்ந்தார். பேச்சு அங்கேயே முடிந்தது. நூல் முழுக்கக் காய்ந்து கல்யாணப் புடவை நேரத்துக்குத் தறியேறிவிட்டால், சித்திரை வைகாசியில் மத்தியானத்தில் வீரபத்திரன் தறியில் உட்கார மாட்டான், சாயத் தொட்டி வேலையை அப்போது வைத்துக்கொள்வான். மிஷின் இருந்த இடத்தில் இருக்கும். "பிள்ளையாருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். காயாவிட்டால்? செங்கல் சந்திலேயேதான் இருந்தது.

அவள் மிஷினைக் கடைசிவரை முறுக்கிவிட்டாள். சந்தில் மூங்கில் கழிகள் ஏறின. கொஞ்ச நேரம் அனல் ஜோராக வீசியது. பிறகு மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

சாமுவேல் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்து பார்த்தான். "மிஷின்மேல தப்பு இல்லம்மா. ரூம் சில்லுனு ஆயிடுச்சி. வேலை முடிஞ்சிதுன்னு அது தானா நின்னுக்குது. உள்ள சூடு இருந்தாத்தான் அது சூட்டை வாரி வெளிய கொட்டும். வெளிய மழைக்குளிரு, உள்ள ஆளே இல்ல, எதை வாரிக் கொட்டறது?"

கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். ஈரக் காற்று உள்ளே புகுந்து மிஷினின் முகத்தில் பனிக்கட்டி பிடித்துக்கொண்டது. கூடத்துக்குப் பரவிய குளிரில் ராஜகோபாலுக்கு ஜன்னி வராத குறை. மூடினார்கள். அண்டா அண்டாவாக வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறுகிறவரைக்கும் ஓடி, ஆறியதும் நின்றது. "ஆளுங்க போயி ஒக்காருங்க. கல்யாண மண்டபத்துல ஜனம் சேந்தா எப்படி வேர்க்குது, அது மாதிரி" என்றான் சாமுவேல். முதலில் ராஜகோபால்தான் எழுந்தார். தெருவுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று போர்வையோடு உள்ளே போய் உட்கார்ந்தார். மிஷின் அசையவே இல்லை.

"நீங்க வெளிய வாங்க. உங்களுக்கே யாராவது சூடு குடுக்கணும்" என்று ரேணுகாம்பாள் அவரைக் கைபிடித்து அனுப்பிவிட்டுத் தான் போய் மிஷினுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே ஏதோ சொடுக்கியது. மிஷின் ஒருமுறை குலுங்கிக் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. சந்திலிருந்து காந்தாவின் குரல் வந்தது: "வருதுக்கா, அனலு வருது."

சாமுவேல் கும்பிட்டான். "அம்மா, நீங்க ஏந்திரிக்காதீங்க. நாலு அண்டா வெந்நிக்கு நீங்க ஒருத்தரு சமம்."

பிறந்தது முதல் அந்த உடம்பைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள் அவள். அன்றைக்குத்தான் அது ஒரு வேலைக்கு ஆயிற்று. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருப் பெண்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டாள். சும்மா உட்கார்ந்தால் போதாது, வேர்க்க வேண்டும் என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கும்மியை ஆரம்பித்தாள். நெல் தூசி இன்னும் போகாத அந்தச் சின்ன அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கை தட்டிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பாட்டில் அடிகள் தீர்ந்துபோனதும் அவளே இட்டுக்கட்டினாள். மிஷினைப் பாடினாள், டாக்டரைப் பாடினாள், வீரபத்திரனின் மூக்கைப் பாடினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காந்தா கத்துவாள்: "அக்கா, அனலு கொறையுது, இன்னும் கொஞ்சம் குதிங்க." இவர்கள் குதிப்பார்கள். உள்ளே குதிக்கக் குதிக்க வெளியே அரக்குச் சிட்டங்கள் காய்ந்து இறங்கின, ஈரச் சிட்டங்கள் ஏறின. வீரபத்திரன் செங்கற்களை இரண்டு வரிசையாக மாற்றி அடுக்கி, அவற்றின்மேல் இன்னும் இரண்டு கழிகளுக்கு இடம் பண்ணினான். பெண்கள் முறை மாற்றிக்கொண்டு வந்தார்கள். காமாட்சி அம்மன் புண்ணியத்தில் கரண்டு மட்டும் போகவில்லை. ரேணுகாம்பாள் மட்டும் முறை மாற்றிக்கொள்ளவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இது நடந்தது. ஆடி ஓய்ந்து சுவரோரமாக உட்கார்ந்தபோது, உடம்பு முழுக்க வழிந்த வியர்வையின்மேல் மிஷின் காற்று பட்டது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு முதுகில் ஏதோ ஊர்ந்தது. கையைப் பார்த்தாள், மயிர்க்கால் குத்திட்டு நின்றது. பல் தானாக அடித்துக்கொண்டது. இது என்ன வியாதி என்று ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், "ஏண்டி, குளிருதுன்னு சொல்றாங்களே, அது இதுதானா?" என்று கேட்டாள்.

பெண்களை ஆடச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மண்டி வழியாகத் தெருவில் இறங்கி, தூறலில் நனைந்துகொண்டு, வீட்டைச் சுற்றிச் சந்துக்குள் போனாள். கழிகள் நிறைய அரக்குச் சிட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் மிஷினின் முதுகு கோடை வெயிலைப் போல அனலை ஊதிக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாள் சிட்டங்களை ஒதுக்கிக்கொண்டு நுழைந்து, அந்த அனலுக்குத் தன் முதுகைக் கொடுத்து நின்றாள். கண் தானாகச் சொருகியது. "அப்பாடா" என்றாள்.

வீரபத்திரன் சாயத் தொட்டியிலிருந்து கடைசியாக நனைத்த நூலை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் கையில் இருந்தது முந்தானைக்கான நூல். விடிந்தால் கல்யாண வீட்டார் பார்க்க வருகிறார்கள். கழியில் இடம் இல்லை. இருந்த ஒரே இடத்தில் அவள் நின்றிருந்தாள். பிழிந்த நூலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ரேணுகாம்பாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். நகர்வதாக அவளுக்கு உத்தேசம் இல்லை. சுவருக்குச் சுவர் எட்ட இரண்டு கைகளையும் அகல நீட்டினாள்.

"புடவையெல்லாம் கறையாயிடும் அக்கா" என்றான் வீரபத்திரன்.

"கைமேல போடுப்பா" என்று சொல்லிவிட்டு, நீட்டிய கை நீட்டியபடி இருக்க, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.